வாயிலுக்கு வெளியே

கோட்டை என்றதும் நம் உள்ளத்தில் எழுவது உயர்ந்த மதில். அதன்மேல் நிற்கும் காவலன். அவன் கையில் ஒரு படைக்கலம். ஆனால் மதில் எழுப்பிவிட்டால் மட்டும் கோட்டை ஆகிவிடுமா? மதிலுக்கு அப்பால் ஒருவன் நிற்க வேண்டும். உள்ளே இருப்பவன் அவனைக் கண்டு அஞ்ச வேண்டும். வெளியே யாருமே இல்லையென்றால் கோட்டை வெறும் சுவர்தான். இந்த எளிய உண்மையை எனக்கு உணர்த்தியவை இரண்டு: ஒன்று, பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர், மற்றொன்று, அதைப் பார்த்துவிட்டு என் அம்மாயி கேட்ட கேள்வி.

நான் பாலக்காட்டு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தவன். நம் மன்றத்தில் புதிதாகச் சேரும் நண்பர்கள் என் ஊரைக் கேட்பார்கள். சொன்னவுடன், "அது கேரளமா, தமிழ்நாடா?" என்று அடுத்த கேள்வி வரும். கேரளம்தான். ஆனால் எங்கள் வீட்டில் தமிழ். கடைத்தெருவில் தமிழும் மலையாளமும். பேருந்தின் பலகையில் மலையாளம். அதில் ஏறி அமர்ந்தவர் பேசும் பேச்சில் கொங்குத் தமிழ். மேற்குத் தொடர்ச்சி மலை இந்த ஓரிடத்தில் மட்டும் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் தன் வரிசையை விட்டு விலகி நிற்கிறது. அந்த இடைவெளியைத்தான் பாலக்காட்டுக் கணவாய் என்கிறோம். காற்று அதன் வழியாகப் போகும், மழை வரும், மாடும் வண்டியும் துணிமூட்டையும் போயின, பின்னர் இரயிலும் போயிற்று. இவற்றோடு படைகளும் போயின. படை போகும் வழியில் கோட்டை எழுவது இயல்பு. பாலக்காட்டில் இன்றும் நிற்கும் கோட்டை அப்படி எழுந்ததுதான்.

கோட்டைக் கதைகளில் எனக்கு ஆசை உண்டானதற்கு என் தந்தையார் சேர்த்து வைத்த சிவகாசிப் படக்கதைப் புத்தகங்களே காரணம். தகரப்பெட்டி நிறைய முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் இருந்தன. மேற்கு அமெரிக்காவின் மணல்வெளியும் குதிரையும் சுருட்டுப் புகையும் எங்கள் திண்ணைக்கு வந்தது அவற்றின் வழியாகத்தான். அவற்றுள் டெக்ஸ் வில்லரை எனக்கு மிகவும் பிடிக்கும். 1948ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டில் பிறந்த கதைத்தலைவன் அவன். ஒருபுறம் அரசின் ரேஞ்சர். மறுபுறம் நவஹோ மக்களின் தலைவன். அவர்கள் அவனுக்கு இட்ட பெயர் இரவுக் கழுகு. வேலிக்கு இருபுறமும் சொந்தமுள்ள ஒருவன் கதைத்தலைவனாக இருப்பது எல்லைப்புறத்துப் பிள்ளையான எனக்கு ஏனோ மிகவும் நிறைவாக இருந்தது.

சென்ற கோடை விடுமுறையில் என் தம்பி கைப்பேசியில் ஒரு பழைய தொடரைக் கண்டெடுத்தான். 'ரின் டின் டின்' என்னும் நாயின் வீரச்செயல்களைச் சொல்லும் தொடர் அது. 1954 முதல் 1959 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்தது. தொலைக்காட்சிக்கென்றே எடுக்கப்பட்ட கௌபாய் கதை. எல்லைப்புறத்தில் அப்பாச்சி கோட்டை என்று ஒரு படைமுகாம். வண்டிக் கூட்டம் ஒன்று தாக்கப்பட்டு அழிகிறது. அதில் தப்பிப் பிழைத்தவை இரண்டே உயிர்கள்: ரஸ்டி என்னும் சிறுவன், அவனுடைய நாய். குதிரைப்படையினர் இருவரையும் எடுத்து வளர்க்கிறார்கள். சிறுவன் முகாமில் தங்குவதற்கு ஒரு வழி வேண்டுமே! அவனைக் கார்ப்பரலாகவே ஆக்கிவிடுகிறார்கள். எக்காளம் முழங்குகிறது, மரக்கதவு திறக்கிறது, குதிரைகள் புழுதி பறக்கப் பாய்கின்றன. தம்பி தன்னை மறந்து பார்த்துக்கொண்டிருந்தான். நானும்தான்.

பின்னால் வந்து நின்ற அம்மாயி சிறிது நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்:

"ஏஞ்சாமி, அந்த வேலிக்கு வெளிய நிக்கறாங்களே, அவங்கெல்லாம் எந்தூருக்காரங்க?"

"அவங்க செவ்விந்தியங்க அம்மாயி" என்றான் தம்பி.

"அதச் சொல்லலே. ஊரு எதுன்னு கேட்டேன். அவங்களுக்கு ஊரு, வீடு, காடு, தோட்டம் ஒண்ணுமில்லீங்களா?"

தம்பி பதில் சொல்லவில்லை. நான் அடுத்தடுத்துச் சில பகுதிகளை ஓட்டிப் பார்த்தேன். அம்மாயியின் கேள்விக்கு விடை கிடைக்குமா என்று தேடினேன். கோட்டைக்குள் சமையற்காரனுக்குப் பெயர் உண்டு. நாய்க்குப் பெயர் உண்டு. அந்த நாயின் பெயரே தொடருக்கும் பெயர். வெளியே குன்றின்மேல் வரிசையாக நிற்பவர்களில் பெரும்பாலோர்க்குப் பெயர் இல்லை. படக்கருவி உள்ளே இருக்கிறது. ஆகவே பெயரும் உள்ளே இருக்கிறது.

அந்தக் கோட்டை கலிபோர்னியாவில் கொரிகன்வில் என்னும் படப்பிடிப்புப் பண்ணையில் கட்டப்பட்ட மரக்கோட்டை. ஜான் போர்டு 1948ஆம் ஆண்டில் எடுத்த 'அப்பாச்சி கோட்டை' என்னும் திரைப்படத்துக்காக எழுந்தது. பிறகு தொலைக்காட்சிக்காரர்களும் அதையே பயன்படுத்திக்கொண்டனர். போர்டின் படம் இத்தொடரைவிட ஆழமானது என்பதையும் சொல்ல வேண்டும். அதில் வரும் படைத்தலைவன் அப்பாச்சித் தலைவருக்குக் கொடுத்த வாக்கைக் காற்றில் விடுகிறான். தன் செருக்கால் தன் படையையே அழிவுக்குக் கொண்டுபோகிறான். இறந்தபின் அவனையே நாடு பெருவீரன் என்று போற்றுகிறது. உள்ளே இருந்து சொல்லும் கதை எப்படிப் பொய்யாகும் என்பதை அந்தப் படமே ஒப்புக்கொள்கிறது.

அப்பாச்சி கோட்டை என்று உண்மையிலேயே ஒன்று உண்டு. அது அரிசோனா மாநிலத்தில் இருக்கிறது. 1870இல் படைமுகாமாகத் தோன்றி, 1922இல் படை வெளியேறும்வரை முகாமாகவே இருந்தது. அடுத்த ஆண்டு பழங்குடிப் பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளி அங்கே வந்தது. 1960இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. அந்த இடம் ஒயிட் மவுண்டன் அப்பாச்சி மக்களுக்கு உரியது. அரசு அதை அவர்கள் பொருட்டுப் பொறுப்பில் வைத்திருக்கும் என்பது அச்சட்டம். அரசோ கட்டடங்களைப் பழுதடைய விட்டது. அம்மக்கள் வழக்குத் தொடுத்தனர். அரசு அதற்குப் பொறுப்பேற்கக் கோரும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று 2003இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எந்த வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்களோ, அந்த வாயிலையே பேணிக் காக்கும்படி கேட்கும் உரிமை அவர்களுக்கு வந்தது. மரக்கோட்டைத் தொடரை எழுதியவர்கள் இப்படி ஒரு முடிவைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள்.

அதே விடுமுறையில் தம்பியை அழைத்துக்கொண்டு பாலக்காட்டுக் கோட்டைக்குப் போனேன். மரப்பலகைக் கோட்டையைப் பார்த்த கண்ணுக்கு அந்தக் கருங்கல் மதில் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தது! சதுர வடிவம், நான்கு மூலையிலும் கொத்தளம், ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒரு கொத்தளம், சுற்றிலும் நீர் நிறைந்த அகழி. முன்பு தூக்குப்பாலம் இருந்த இடத்தில் இன்று நிலையான பாலம் இருக்கிறது. அதைக் கடந்து உள்ளே போனால் ஆஞ்சநேயர் கோயிலில் மணி ஒலிக்கிறது. வெளியே கோட்டை மைதானத்தில் சிறுவர்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள்.

ஊரில் எல்லாரும் இதைத் திப்புவின் கோட்டை என்பர். 1766இல் இதை எழுப்பியவர் திப்புவின் தந்தை ஐதர் அலி. கதையின் தொடக்கம் அதற்கும் முன்னால் இருக்கிறது. கோழிக்கோட்டுச் சாமூதிரி மன்னர் பாலக்காட்டின்மேல் படையெடுத்தபோது, பாலக்காட்டு மன்னர் உதவி வேண்டி ஆளனுப்பினார். யாரிடம்? அப்போது திண்டுக்கல்லில் மைசூர்ப் படைக்குத் தலைவராக இருந்த ஐதரிடம். 1757ஆம் ஆண்டில் ஐதர் தம் உறவினரான மக்தூம் அலியைப் படையோடு அனுப்பினார். தமிழகத்தின் ஒரு மலைக்கோட்டையிலிருந்து கணவாய் வழியாக மைசூர்ப் படை மலையாள நாட்டுக்குள் வந்தது இவ்வாறுதான். துணைக்கு வந்தவர் வழியைத் தெரிந்துகொண்டார். ஒன்பது ஆண்டில் கோட்டை எழுந்துவிட்டது.

பிறகு அந்தக் கோட்டை கைம்மாறிய கதையைக் கேளுங்கள். 1768இல் ஆங்கிலத் தளபதி உட் கைப்பற்றினார். சில மாதங்களில் ஐதர் மீட்டார். 1783இல் புல்லார்ட்டன் முற்றுகையிட்டுப் பிடித்தார். அடுத்த ஆண்டே ஆங்கிலேயர் விட்டுச் சென்றனர். 1790இல் ஸ்டூவர்ட் மறுபடியும் பிடித்தார். அதன்பின் அது திப்புவின்மேல் படை நடத்துவதற்கே தளமாயிற்று. ஐதர் கட்டிய கோட்டை, ஐதரின் மகனை வீழ்த்தப் பயன்பட்டது!

இந்த வரலாறும் தொலைக்காட்சிக்கு வந்ததுண்டு. திப்புவின் வாளைப் பெயராகக் கொண்ட இந்தித் தொடர் 1990இல் தூர்தர்ஷனில் வந்தபோது, எங்கள் தெருவில் பெட்டி இருந்த வீட்டின் முற்றம் நிறைந்துவிடுமாம். தந்தையார் சொல்லுவார். அந்தத் தொடருக்கு ஒரு துயரக் கதையும் உண்டு. 1989 பிப்ரவரி 8ஆம் நாள் மைசூரில் படப்பிடிப்பு நடந்த பிரீமியர் ஸ்டூடியோவில் தீப்பற்றி 62 பேர் மாண்டனர். அரசர் வேடம் பூண்டவரின் பெயர் நாடறிந்தது. அரங்கு அமைக்கவும் விளக்குப் பிடிக்கவும் வந்து அத்தீயில் மாண்ட தொழிலாளர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? நாடகத்துக்குள்ளும் ஒரு மதில் இருக்கிறது. அதற்கு வெளியேயும் மக்கள் இருக்கிறார்கள்.

மதில்மேல் நின்று கிழக்கே பார்த்தபோது தம்பி என்னைக் கேட்டான்: "அண்ணா, இத்தனை பேர் மாறி மாறிப் பிடிச்சாங்களே, அப்போ நம்ம ஊர்க்காரங்க எந்தக் கட்சி?"

அம்மாயியின் கேள்விதான் இது. பேரன் வாயில் வேறு வடிவில் வந்தது. வரலாற்று நூல்களில் தளபதிகளின் பெயர் இருக்கிறது. முற்றுகை எத்தனை நாள் என்ற கணக்கு இருக்கிறது. வண்டி ஓட்டியவனும் நெல் விளைத்தவளும் பெயரில்லாமல் போய்விட்டார்கள். ஆனால் ஒன்று மட்டும் தெளிவு. படைகள் போய்விட்டன. வண்டிக்காரனின் வழித்தோன்றல் இன்னும் கணவாயில்தான் இருக்கிறான். கொடி மாறும்போதெல்லாம் அவன் இடம் மாறவில்லை. அவன் எந்த நாட்டில் இருக்கிறான் என்பதுதான் மாறியது.

1792க்குப் பிறகு மலபார் கும்பினியின் கைக்கு வந்தது. எல்லை என்ற ஒன்று அந்த இடத்தில் இல்லாமற்போயிற்று. எல்லை போனால் கோட்டைக்கு என்ன வேலை? படை போனபின் அங்கே தாலுக்கா அலுவலகம் வந்தது. பல்லாண்டுகள் சிறையும் இருந்தது. அப்பாச்சி கோட்டையில் பள்ளிக்கூடம். பாலக்காட்டுக் கோட்டையில் அலுவலகம். துப்பாக்கி போன இடத்துக்குத் தாள் வந்தது.

தாள் வரைந்த எல்லைகளை எண்ணிப் பாருங்கள். பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. அதற்கு அடுத்திருந்த எங்கள் சித்தூர் கொச்சி மன்னரின் ஆட்சியில் இருந்தது. தெற்கே மலைமேல் இருந்த தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தன. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலம் பிறந்தபோது இவை எல்லாம் கேரளத்தில் சேர்ந்தன. திருவிதாங்கூரின் தென்கோடித் தாலுக்காக்கள் தமிழகத்துக்கு வந்தன. அதற்காக நடந்த போராட்டத்தில் 1954 ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் உயிர்கள் போயின. தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. இன்று அவை 1972இல் உருவான இடுக்கி மாவட்டத்தில் இருக்கின்றன. அந்தப் பழைய வழக்கை மீண்டும் திறப்பதற்காக இதை நான் எழுதவில்லை. கோடு எங்கே விழுந்தாலும் அதன் இருபுறமும் மனிதர் இருப்பர்; அவர்களை மறவாதிருப்போம் என்பதற்காகவே எழுதுகிறேன்.

என் அத்தையை மறையூரில் கொடுத்திருக்கிறோம். உடுமலையிலிருந்து சின்னாறு வழியாக மலையேறினால் மறையூர். அஞ்சுநாடு என்று வழங்கும் ஊர்களில் அது ஒன்று. தம் முன்னோர் மதுரை நாட்டிலிருந்து வந்தவர் என்பது அங்குள்ள மக்களின் வழிவழிச் செய்தி. அங்கே கோட்டை கட்டியவர் யாருமில்லை. நடந்து போனார்கள், காடு திருத்தினார்கள், வயல் செய்தார்கள். எல்லைப்புறம் என்றால் ஆளற்ற வெளி என்று நினைக்கிற கௌபாய் கதைக்கு மறுமொழி அந்த வயல்கள்.

அந்த அத்தைக்கு ஒரு சான்றிதழ் வேண்டியிருந்தது. தமிழில் விண்ணப்பம் எழுதி ஓர் அலுவலகத்துக்குக் கொண்டு போனார். மலையாளத்தில் எழுதி வரும்படி திருப்பி அனுப்பிவிட்டார்கள். அத்தை மகன் மலையாளத்தில் எழுதிக் கொடுத்தான். அத்தைக்கு மலையாளம் பேச வரும்; படிக்க வராது. தம்மால் படிக்க முடியாத தாளில் கையெழுத்திட வேண்டுமே என்று பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம். "என்ன எழுதியிருக்குன்னே தெரியாம எப்படிடா பேர் போடறது?" என்று கேட்டாராம். கல்வி குறைந்தவர் கேட்ட கேள்விதான். ஆனால் எந்தச் சட்டக்கல்லூரியிலும் இதைவிட நல்ல கேள்வி எழாது.

இதைக் கேட்டபின் நான் நம் நூலகத்தில் தேடினேன். கேரள அரசின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் கிடைத்தது. தமிழ், கன்னடச் சிறுபான்மை மக்கள் மாநில அரசோடு தம் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து நடத்தலாம் என்றும், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களிலும் அவ்வாறே செய்யலாம் என்றும் அது சொல்கிறது. அதைப் படியெடுத்து அத்தை மகனுக்கு அனுப்பினேன். தமிழ் விண்ணப்பமும் சட்டத்தின் படியுமாக அத்தை மறுபடி போனார். அங்கிருந்த எழுத்தர் படித்தார், உள்ளே போய் வந்தார், விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார். வாங்கும்போது தமிழிலேயே சொன்னாராம்: "என் வீட்டுக்காரியும் போடிக்காரிதான் அம்மா."

தோழர்களே, இந்த ஒரு சொல்லை நான் பலநாள் எண்ணியதுண்டு. வாயிலுக்கு உள்ளே இருப்பவர் பகைவர் அல்லர். அவருக்கும் வெளியே உறவு இருக்கிறது. பெயர் தெரியாதவரைத்தான் மனிதன் அஞ்சுகிறான், திருப்பி அனுப்புகிறான். பெயரும் ஊரும் தெரிந்துவிட்டால் கதவு தானே சிறிது திறக்கிறது.

ஆனால் தானே திறக்காத கதவும் உண்டு. எங்கள் ஊருக்கு அருகே பெருமாட்டி ஊராட்சியில் பிளாச்சிமடை என்ற சிற்றூர் இருக்கிறது. குளிர்பான ஆலை வந்தபின் கிணற்று நீர் கெட்டது என்று அங்குள்ள பழங்குடி மக்கள் முறையிட்டனர். 2002 ஏப்ரல் 22ஆம் நாள் ஆலையின் வாயிலுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தனர். முன்னின்றவர்களுள் ஒருவர் மயிலம்மா, எரவாளர் குடியில் பிறந்தவர், பள்ளிப்படிப்பு இல்லாதவர். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2007இல் மயிலம்மா மறைந்தார். அவர் பெயரை நாடு அறிந்தது எதனால்? படக்கருவிகள் அந்த ஒருமுறையாவது வாயிலுக்கு வெளியே வந்து நின்றன. அவர் தம் கதையைத் தம் வாயாலேயே சொன்னார்.

தமிழிலும் கௌபாய் படங்கள் வந்ததுண்டு. 2010இல் வந்த 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' வயிறு குலுங்கச் சிரிக்க வைத்த படம். சிரித்தோம், நன்று. இனி நம் எல்லைப்புறத்தின் உண்மைக் கதையும் வர வேண்டாமா? பாலக்காட்டு மதிலை ஒருமுறை வெளியிலிருந்து, அகழிக்கு இப்பால் நிற்கும் வண்டிக்காரன் கண்ணால் காட்டுகிற ஒரு நாடகம் வர வேண்டாமா? அதை எழுதப் போகிறவர் இந்தப் பல்கலைக்கழகத்திலேயே இருக்கலாம்.

நாடகம் வரும்போது வரட்டும். அதற்கு முன் நம்மால் ஆகும் வேலைகள் இரண்டு. நம் மன்றத்தில் கொழிஞ்சாம்பாறைக்காரர் உண்டு. மூணாற்றுத் தோட்டத்தவர் உண்டு. குமுளி, செங்கோட்டை, ஓசூர்ப் பக்கத்தவரும் உண்டு. விடுமுறைக்குப் போகும்போது வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து, கோடு விழுந்த நாளில் அவர்கள் எங்கே இருந்தார்கள், யார் இப்பக்கம், யார் அப்பக்கம் போனார்கள் என்று கேட்டு எழுதி வாருங்கள். அடுத்த இதழில் அவற்றுக்கென்று நான்கு பக்கம் ஒதுக்குவோம். இரண்டாவது, 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் அப்பகுதியை எளிய தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு, எல்லை ஊர்களின் நூலகங்களிலும் தேநீர்க்கடைகளிலும் ஒட்டுவோம். கூடவே மலையாளத்தையும் நன்றாகக் கற்போம். அடுத்த வீட்டார் மொழியை அறிந்தவனுக்கு இரண்டு வாயில்களும் சொந்தம்.

செலவு அதிகமில்லை. தாளுக்கும் பசைக்கும் ஆகும் பணத்தை நம் மன்றமே தாங்கும். ஒட்டுவதற்கு ஆட்கள்தாம் வேண்டும். முதற் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.